பத்துக்குப் பத்து அறையை அமைப்பது எப்படி: நெல்லை வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

சின்ன அறை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் வரிசைப் பிசகுதான் காரணம். கல்யாணச் சீராகக் கட்டிலும் பீரோவும் முதலில் வந்து இறங்கிவிடும். அப்புறம் பெயிண்டர் வருவார், பீரோவை நகர்த்த இடமில்லாமல் அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போவார். கடைசியாக எலக்ட்ரீசியன் வந்து, கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் மறைந்துபோன பிளக் பாயிண்டைத் தேடிக்கொண்டிருப்பார். பெரிய அறையாக இருந்தால் இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பத்துக்குப் பத்தில் முடியாது.

8×10 அடியிலிருந்து 10×12 அடி வரையுள்ள படுக்கை அறைக்கு இந்த வரிசை பொருந்தும். திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் பக்கத்தில் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய ஒட்டு வீடுகளையும், ஊருக்கு வெளியே புதிதாக எழும்பும் கான்கிரீட் வீடுகளையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் மழையும் காற்றும் வேறு மாதிரி என்பதால், மாற வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை: ஒரு இஞ்சு டேப், சாக்கட்டி, பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, கெட்டியான பிளாஸ்டிக் தாள், ஒட்டுகிற டேப், ஒரு நோட்டு. பணம் செலவாகும் வேலை நான்காவது படியில்தான் ஆரம்பிக்கிறது. அதுவரை கடைப் பக்கம் போகாதீர்கள்.

1. அறையை மொத்தமாகக் காலி செய்யுங்கள்

பாதிச் சாமானை வைத்துக்கொண்டே யோசித்தால், இருக்கிற சாமானைச் சுற்றித்தான் யோசனை ஓடும். எல்லாவற்றையும் பட்டாசலுக்கோ (கூடத்துக்கோ) மச்சுக்கோ மாற்றிவிட்டு, வெறும் அறையில் பத்து நிமிடம் நில்லுங்கள். சுவரில் ஈரம் ஏறியிருப்பதும், மூலையில் கரையான் மண் ஓடியிருப்பதும், ஜன்னல் கதவு பாதிதான் திறக்கிறது என்பதும் அப்போதுதான் கண்ணில் படும்.

இந்த அறை எதற்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். படுக்க மட்டுமா, பிள்ளை உட்கார்ந்து படிக்கவுமா, விருந்தாள் வந்தால் ஒதுக்கவா? ஒரு சின்ன அறை இரண்டு வேலை செய்யும். மூன்றாவதைத் திணித்தால் மூன்றும் கெடும். துணி மடிப்பதும் இஸ்திரி போடுவதும் இதே அறையில்தான் என்றால் அதையும் ஒரு வேலையாகக் கணக்கில் சேருங்கள். பலர் அதை மறந்துவிட்டு, அப்புறம் கட்டிலை நிரந்தரத் துணி மூட்டையாக்கிவிடுகிறார்கள்.

2. அளவு எடுங்கள், வரும் வழியையும் சேர்த்து

வரைபடத்தில் பத்து என்று போட்டிருந்தால் அறை பத்து அடி இருக்கும் என்று நம்பாதீர்கள். இரண்டு பக்கமும் பூச்சு ஏறிய பிறகு ஓரிரு அங்குலம் குறைந்துதான் இருக்கும். பழைய வீட்டில் சுவர் நேராகவும் இருக்காது. அதனால் நீளத்தையும் அகலத்தையும் மூன்று இடங்களில் அளந்து, மூன்றிலும் சிறியதை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து, மற்ற இரண்டு மூலைகளுக்கும் அதேபோல் அளவு எடுங்கள். இரண்டு அளவும் ஒத்துப்போகவில்லை என்றால் அறை கோணல். சுவரோடு ஒட்டி அலமாரி செய்யச் சொல்லும்போது ஆசாரியிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்து இவற்றை எழுதுங்கள்: கதவு உள்பக்கம் திறக்கும்போது எவ்வளவு தரையை அடைக்கிறது, ஜன்னல் தரையிலிருந்து எத்தனை அடியில் தொடங்குகிறது, ஸ்விட்ச் போர்டு எங்கே, லாஃப்ட் எத்தனை அடி உயரத்தில்.

புதியவர்கள் சறுக்குவது இதற்கடுத்த அளவில். அறைக்குள் பீரோ நிற்கும், ஆனால் அறை வரைக்கும் வந்து சேராது. டவுன் பக்கத்து முடுக்குகளில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தாலே ஒருவர் ஒதுங்க வேண்டும். முடுக்கு, நடை, மாடிப்படி, படி திரும்பும் இடம், வாசற்கால் எல்லாவற்றின் அகலத்தையும் எடுங்கள். இரண்டு கதவு இரும்புப் பீரோ சுமார் ஆறரை அடி உயரமும் மூன்று அடி அகலமும் இருக்கும். படி திரும்பும் இடத்தில் அதைச் சாய்த்துத் திருப்ப முடியாது என்று தெரிந்தால், பிரித்துப் பூட்டும் மரப் பீரோதான் உங்களுக்கு. மாடிக்குக் கயிறு கட்டி இழுத்துக்கொள்ளலாம் என்று கடையில் சுலபமாகச் சொல்வார்கள். மேலே மின்கம்பி போகும் சந்தில் அந்த வேலையை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

3. சாக்கட்டியால் தரையில் வரையுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

வாங்க நினைக்கும் ஒவ்வொரு சாமானின் அளவிலும் செய்தித்தாளை ஒட்டித் தரையில் விரியுங்கள். தரை நிறம் வெளுப்பாக இல்லையென்றால் சாக்கட்டிக் கோடே போதும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. 4 அடிக் கட்டில் என்று கடையில் சொல்வது மெத்தை அளவு, அதாவது 48×75 அங்குலம். கட்டிலின் வெளி அளவு அதைவிட மூன்று முதல் ஐந்து அங்குலம் கூடும். தலைமாட்டுப் பலகை வைத்ததில் இன்னும் கூடும். வெளி அளவைத்தான் வரைய வேண்டும்.

கணக்கு இப்படிப் போகும். உள் அளவு 9 அடி 10 அங்குலம் உள்ள அறையில் ஒரு சுவரோரமாக 4 அடிக் கட்டிலைப் போட்டால் சுமார் 4 அடி 3 அங்குலம் போய்விடும். எதிர்ச்சுவரில் பீரோ, சுவரிலிருந்து விட்ட இடைவெளியோடு சேர்த்து 1 அடி 8 அங்குலம். நடுவில் மிஞ்சுவது 3 அடி 11 அங்குலம். பீரோ கதவு திறந்தால் ஒன்றரை அடி. அதற்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் நிற்க சுமார் இரண்டரை அடி கிடைக்கும். சௌகரியம். இதே அறையில் 5 அடிக் கட்டில் போட்டால் ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிஞ்சும். கட்டிலில் உட்கார்ந்துகொண்டுதான் சேலை எடுக்க வேண்டியிருக்கும்.

நடக்கும் வழிக்கு இரண்டு அடி வேண்டும். வரைந்த பிறகு ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கதவிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து கதவுக்கும் நடந்து பாருங்கள். கோட்டை மிதிக்கும் இடத்தில்தான் பிறகு கால் சுண்டுவிரல் இடிக்கும். இரண்டு மூன்று நாள் அந்தக் கோடுகளோடேயே புழங்கிவிட்டு முடிவு செய்யலாம்.

எதை எந்தச் சுவரில் வைப்பது என்பதற்கு நம் ஊர் வெயிலும் மழையும்தான் வழிகாட்டி. மேற்குச் சுவர் வெளிச்சுவராக இருந்தால், கட்டில் தலைமாட்டை அங்கே வைக்காதீர்கள். மத்தியான வெயிலைக் குடித்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்தச் சூட்டை ராத்திரி பத்து மணிக்கும் கக்கிக்கொண்டிருக்கும். திருநெல்வேலியில் அந்தச் சுவருக்குப் பீரோ நல்ல தடுப்பு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் அப்படி வேண்டாம். ஜூன் முதல் சாரல் மேற்கிலிருந்துதான் அடிக்கும், துணி நமுத்துப்போய் வாடை வரும். அங்கே வீட்டின் உள்சுவரே பீரோவுக்கு ஏற்றது.

காற்று வரும் ஜன்னலைப் பீரோவால் அடைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஒட்டு வீடுகளில் இரண்டு பக்கச் சுவரும் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருக்கும். முன்னாலும் பின்னாலும்தான் ஜன்னல். அதில் ஒன்றை அடைத்தால் உள்ளே வந்த காற்று வெளியேற வழியில்லை, ஆனி ஆடிக் காற்று அடிக்கும்போதும் அறை புழுங்கும். ஜன்னலே இல்லாத பழைய அரங்கு அறையைப் படுக்கை அறையாக்க நினைப்பவர்கள் முதலில் காற்றுக்கு வழி பண்ணுங்கள். கதவுக்கு மேலே கம்பி வைத்த திறப்பு, எதிர்ச்சுவரில் எக்சாஸ்ட் ஃபேன் என்று ஏதாவது ஏற்பாடு வேண்டும். முடியாவிட்டால் அது சாமான் அறையாகவே இருக்கட்டும்.

4. ஈரத்தைத் தீர்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை

பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளையடிப்பது நம் வழக்கம். ஆனால் நெல்லைச் சீமைக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில். மார்கழியில் சுவர் மேலே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் சித்திரைக்குள் பொரிந்து உதிரும். பெயிண்டரைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

சந்தேகமுள்ள இடத்தில் ஒரு அடிச் சதுரமாகப் பிளாஸ்டிக் தாளை வைத்து நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் ஒட்டிவிட்டு மறுநாள் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கத்தில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கத்தில் மட்டும் நீர் இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே போகும்.

சுவருக்குள் ஈரம் என்றால் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மேலிருந்து இறங்கினால் மச்சுத் தளத்தில் விரிசல் அல்லது மழைநீர்க் குழாயில் அடைப்பு. நடுவில் ஒரு திட்டாக இருந்தால், பின்னால் குளியலறை இருக்கிறதா பாருங்கள். தரையிலிருந்து இரண்டு மூன்று அடிக்கு ஏறி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அது அஸ்திவாரத்திலிருந்து வருவது, அவ்வளவு சுலபத்தில் தீராது. அந்த உயரத்துக்குப் பூச்சைக் கொத்திவிட்டு ஈரத்தடுப்புச் சேர்த்துப் பூச வேண்டும் என்று கொத்தனார் சொல்வார். சிமெண்ட் சுவருக்கு அது சரி. பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு வேண்டாம். சுண்ணாம்பு, ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் அடைபட்டு மேலே ஏறி, இதுவரை நன்றாக இருந்த இடத்தில் உப்புப் பூக்கும். அப்படிப்பட்ட சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்புமே பொருத்தம்.

கரையான் இருந்தால் மருந்தடிப்பதும் இப்போதே. சாமான் வந்த பிறகு சுவரோரத் தரையில் துளை போட முடியாது.

5. மின்சாரம், ஃபேன், லாஃப்ட்

தரையில் கோடு போட்டுவிட்டதால் பாயிண்ட் எங்கே வேண்டும் என்பது இப்போது தெரியும். சுவரைக் கொத்தி ஒயர் போகும் குழாய் பதிக்கும் வேலை பெயிண்டுக்கு முன்னால் முடிய வேண்டும். கட்டிலின் இரு பக்கமும் மெத்தை மட்டத்துக்கு அரை அடி மேலே ஒரு பிளக், படுத்தபடியே கை எட்டும் இடத்தில் ஃபேன், விளக்கு ஸ்விட்ச். ஏ.சி. இப்போது வாங்காவிட்டாலும் அதற்குத் தனி லைன் இழுத்து வைத்துவிடுங்கள்.

தாமிரபரணி ஆற்றை ஒட்டிய சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் போன்ற இடங்களில் தரைத்தள அறை என்றால் பிளக் பாயிண்டைத் தரையோரம் வைக்காதீர்கள், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்த பிறகு இதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஃபேனும் லாஃப்டும் சண்டை போடும் இடம் ஒன்று இருக்கிறது. வழக்கமான ஃபேன் 1200 மி.மீ., அதாவது நான்கு அடி விட்டம். எட்டு அடி அகல அறையில் நடுவில் மாட்டினால் இறக்கை நுனிக்கும் சுவருக்கும் இரண்டு அடிதான் மிஞ்சும். லாஃப்டும் பெரும்பாலும் இரண்டு அடி நீண்டிருக்கும். ஆக லாஃப்டின் விளிம்பும் இறக்கை நுனியும் நேருக்கு நேர். ஸ்டூல் போட்டுப் பெட்டியை எடுக்கப் போகிறவரின் கை எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். அப்படிப்பட்ட அறைக்கு 900 மி.மீ. ஃபேன் போதும், லாஃப்டை ஒன்றேகால் அடியோடு நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது. இறக்கை தரையிலிருந்து குறைந்தது ஏழு அடி மேலே இருக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள், முக்கியமாகக் கட்டில்மேல் குதிக்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில்.

ஃபால்ஸ் சீலிங் (கூரைக்குக் கீழே போடும் பொய்க்கூரை) பற்றிக் கேட்பவர்களுக்கு: கூரை பத்து அடிக்குக் குறைவென்றால் வேண்டாம். இருக்கிற உயரமும் போய், அறை பெட்டி மாதிரி ஆகிவிடும். மாடி அறையின் வெக்கைக்குத்தான் அது என்றால், மச்சுக்கு மேலே வெயில் தடுக்கும் வெள்ளைப் பூச்சை அடியுங்கள். சூடு உள்ளே வருவதற்கு முன்னாலேயே தடுப்பது அதுதான்.

6. தரை

பழைய காவிச் சிமெண்ட் தரை நன்றாக இருந்தால் தொடாதீர்கள். அதன்மேல் டைல் ஒட்டினால் தரை ஓர் அங்குலமாவது உயரும், கதவு உரசும், கதவின் அடியை இழைக்க வேண்டி வரும். டைல்தான் என்று முடிவானால் பெயிண்டுக்கு முன் போட்டு, மேலே அட்டை விரித்து மூடிவிடுங்கள்.

7. பட்டி, பெயிண்ட்

புதுச் சிமெண்ட் பூச்சு நீராற்றிக் காய 28 நாள் விட வேண்டும். அவசரப்பட்டால் பூச்சிலுள்ள காரம் நிறத்தைத் தின்றுவிடும். பட்டி பார்த்து, தேய்த்து, தூசியைத் துடைத்து, பிரைமர் ஒரு கோட், அப்புறம் பெயிண்ட் இரண்டு கோட். தேய்த்த தூசியைத் துடைக்காமல் பிரைமர் அடிப்பது அடிக்கடி நடக்கிறது. கூடவே நின்று பாருங்கள். திருநெல்வேலிக்கு மாசி முதல் வைகாசி வரை நல்ல காலம். தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கும் முன் முடித்துவிடுங்கள்.

நிறத்தில் என் கருத்து இது. பச்சையும் ரோஸும் நமக்குப் பிடிக்கும், அதில் தப்பில்லை. ஆனால் சின்ன அறையில் நாலு சுவரும் அடர்ந்த நிறமென்றால் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். கூரை வெள்ளை, சுவர் தந்த நிறம் அல்லது மிக வெளுத்த மஞ்சள், பிடித்த அடர் நிறம் போர்வையிலும் திரையிலும். ஒரு விதிவிலக்கு உண்டு. ஒட்டு வீடுகளில் எட்டு அடி அகலமும் பதினான்கு அடி நீளமுமாகச் சில அறைகள் இருக்கும். அவற்றின் கடைக்கோடிக் குறுகிய சுவரில் மட்டும் அடர் நிறம் அடித்தால் அந்தச் சுவர் கிட்டே வந்தது போலத் தெரியும், அறையின் நீளம் உறுத்தாது. சதுர அறையில் இதைச் செய்யாதீர்கள், இருக்கிற அறையும் சுருங்கும்.

அட்டையில் காட்டும் நிறத்தை நம்பாமல், சின்ன டப்பா வாங்கிச் சுவரில் இரண்டு அடிக்கு அடித்து, காலையிலும் ராத்திரி விளக்கிலும் பாருங்கள்.

8. இப்போது சாமான்

முதலில் கட்டில், அப்புறம் பீரோ. மற்றவற்றை ஒரு மாதம் கழித்து வாங்கலாம். பெரியவை இரண்டும் உட்கார்ந்த பிறகுதான் மிச்ச இடம் எவ்வளவு என்று உண்மையாகத் தெரியும். டிரெஸ்ஸிங் டேபிளும் டீப்பாயும் முதலிலேயே வந்துவிட்டால் அவை எப்போதும் வழியில் நிற்கும்.

கட்டிலுக்கு அடியில் சாமான் பெட்டி வைத்தது வாங்குவதா, கால் வைத்தது வாங்குவதா? இடம் மிச்சம் என்று பலரும் பெட்டிக் கட்டிலை வாங்குகிறார்கள். மாடி அறைக்குச் சரி. ஈரம் ஏறும் தரைத்தளத்தில் அரை அடியாவது உயரமான கால் உள்ளதே நல்லது. துடைப்பம் உள்ளே போகும், கரையான் ஏறினால் கண்ணுக்குத் தெரியும்.

மரச்சாமானில் எது பிளைவுட், எது மரத்தூள் பலகை என்று கேட்டு வாங்குங்கள். தூளை அழுத்திச் செய்த பலகை மேலே பளபளப்பாக இருக்கும், ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதி, திருகாணி பிடிக்காது. பிளைவுட்டில் எம்.ஆர். என்பது ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. குளியலறைச் சுவரை ஒட்டி அலமாரி செய்வதானால் ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பலகையைக் கேளுங்கள்.

பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, காலுக்கடியில் மரக்கட்டையோ ரப்பரோ கொடுத்து நிறுத்துங்கள். தரை துடைக்கும் தண்ணீர் தேங்கினால் இரும்புப் பீரோ அடியிலிருந்துதான் துருப்பிடிக்கும். திருச்செந்தூர், காயல்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் இன்னும் சீக்கிரம். தரை சரிவாக இருந்தால் இரசமட்டம் வைத்துப் பாருங்கள். பீரோ கதவு தானாகத் திறந்துகொள்வதற்குப் பூட்டுக் கெட்டதைவிடத் தரைச் சரிவு காரணமாக இருப்பதே அதிகம்.

பிள்ளைக்குப் படிக்க மேஜை வேண்டுமென்றால் சுவரில் கீல் வைத்து மடக்கும் பலகை போதும், ஒன்றரை அடி அகலம், இரண்டரை அடி நீளம். பழைய காரைச் சுவரில் அதை மாட்டும்போது திருகாணிக்கு வைக்கும் சாதாரணப் பிளக் பிடிக்காது, கூடுதல் நீளத் திருகாணி போட்டுச் செங்கல்லில் பிடிக்க வேண்டும், காரையில் அல்ல.

9. ஜன்னல் திரையும் வலையும்

திரைக்கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு அரை அடி மேலேயும், இரு பக்கமும் அரை அடி கூடுதலாகவும் வையுங்கள். திரையை ஒதுக்கினால் துணி முழுக்கச் சுவருக்குப் போய்விடும், கண்ணாடியை மறைக்காது. வெளிச்சம் முழுதாக வரும். பெரும்பாலோர் சட்டத்துக்குச் சமமாகக் கம்பியை மாட்டிக் கால்வாசி ஜன்னலை இழக்கிறார்கள்.

கொசு வலையை முதலில் பொருத்திவிட்டுத் திரையை மாட்டுங்கள். கழற்றித் துவைக்கிற மாதிரி ஒட்டுப்பட்டை வைத்த வலைதான் நம் ஊர்ப் புழுதிக்கு. ஆடிக் காற்றில் ஒரு வாரத்தில் வலை கறுத்து, காற்றே வராமல் போய்விடும்.

10. விளக்கு

அறைக்கு ஒரு 20 வாட் எல்.இ.டி. டியூப், கட்டிலருகே மஞ்சள் வெளிச்சம் தரும் சின்ன விளக்கு ஒன்று. டியூபைப் பீரோவுக்கு எதிர்ச்சுவரில் போடுங்கள். பீரோவுக்கு மேலேயே போட்டால் கதவைத் திறந்ததும் உள்ளே இருட்டாகிவிடும்.

11. பாய், கண்ணாடி, படங்கள்

அலங்காரம் கடைசியில்தான். சின்ன அறையின் தரையில் மிஞ்சிய இடத்துக்குக் கம்பளம் வேண்டாம், புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்திலேயே பத்தமடை இருக்கிறது. கோரைப் பாய் உட்காரவும் ஆகும், சுருட்டி மூலையில் நிறுத்தினால் தரையும் திரும்பக் கிடைக்கும். நெருக்கமாக நெய்த பட்டுப் பாயை மிதிக்கப் போடாதீர்கள், சுவரில் மாட்டலாம். தினப் புழக்கத்துக்குச் சற்றுத் தடித்த ரகம். எந்தப் பாயானாலும் மடிக்கக் கூடாது, மடித்த இடத்தில் கோரை ஒடியும். ஈரத் தரையில் விரித்தே போட்டு வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அவ்வப்போது நிழல் காற்றில் உலர்த்துங்கள்.

கண்ணாடியை ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் அறைக்குள் வெளிச்சம் கூடும். மேற்கு ஜன்னலுக்கு எதிரே மட்டும் வேண்டாம், சாயங்கால வெயில் கண்ணைக் கூச வைக்கும்.

படங்களின் உயரத்தை யாரும் யோசிப்பதில்லை. நின்று பார்க்கும் இடமென்றால் படத்தின் நடுப்பகுதி ஐந்து அடிக்குக் கொஞ்சம் கீழே. ஆனால் நம் வீடுகளில் பாய் விரித்துத் தரையில் உட்காருவது வழக்கமாயிற்றே, அங்கே நாலு அடியில் மாட்டினால்தான் உட்கார்ந்தவர் கண்ணுக்கு வரும். ஒரே சுவரில் எல்லாவற்றையும் மாட்டி, மற்ற மூன்றை வெறுமையாக விடுங்கள். நாலு சுவரிலும் காலண்டரும் போட்டோவும் தொங்கினால் சின்ன அறை இன்னும் நெருக்கும்.

ஆணி அடிக்கும் முன் ஸ்விட்ச் போர்டுக்கு நேர் மேலும் நேர் கீழும் உள்ள பகுதியைத் தவிர்த்துவிடுங்கள், குழாய் அந்த வழியாகத்தான் போகும். ஐந்தாவது படியில் சுவரைக் கொத்தியபோது, மூடுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் எங்கே அடிக்கலாம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.